ஒரு முறம் தவிடு

ஆடு தவிட்டைத் தின்ற விஷயம் அரசாங்கத்தின் காதுக்குப் போய்ச் சேர ஐந்து வருஷம் ஆயிற்று. தின்ற ஆடு சொல்லவில்லை, காலி முறத்தைப் பார்த்த பெரியவர்களும் சொல்லவில்லை. அன்றைக்குக் கைக்குழந்தையாகக் கிடந்த பிள்ளைதான் வளர்ந்து ஆளாகி, வாய் முளைத்து, போய்ச் சொன்னது.

கோவில்பட்டியிலிருந்து கூத்தன்பட்டிக்குப் போகும் காலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பிள்ளைப் பங்கு அலுவலகத்தின் விசாரணை அதிகாரி நிறைமதி அந்தப் பிள்ளை சொன்ன வரியைப் பத்தாவது தடவையாகப் படித்தாள். பஸ்ஸை ஓட்ட ஆள் கிடையாது, அது தானாக ஓடியது. ஆனால் "உள்ள தள்ளிப் போங்கய்யா" என்று அதட்டுவதற்கு ஒரு கண்டக்டர் இருந்தார். அந்த அதட்டலை மட்டும் இன்னும் எந்த மெஷினுக்கும் சொல்லிக்கொடுக்க முடியவில்லை.

அவள் கையிலிருந்த சின்னத் திரையில் இப்படி இருந்தது:

"என்னைய ஒரு முறம் தவுட்டுக்குக் கனியம்மாகிட்ட வித்துட்டாக. இன்னும் திரும்ப வாங்கல."

அதற்குக் கீழே மெஷின் தன் பங்குக்கு எழுதியிருந்தது: "பொருளுக்கு ஈடாகக் குழந்தை கைமாறியுள்ளது. திரும்பப் பெறப்படவில்லை. வீட்டின் பங்கு நிறுத்திவைக்கப்படுகிறது. நேரில் விசாரிக்கவும்."

நிறைமதிக்குச் சிரிப்பு வந்தது. தென்சீமையில் தவிட்டுக்கு வாங்காத பிள்ளை எது? அடம்பிடிக்கிற பிள்ளையைப் பார்த்து "ஒன்னைய நாங்க பெக்கல, தவுட்டுக்குத்தான் வாங்குனோம்" என்று சொல்லாத வீடு உண்டா? அவளையே அவள் சித்தி எத்தனை தடவை அப்படிச் சொல்லி அழவைத்திருக்கிறாள்! யாரோ விளையாட்டாகச் சொன்னதைப் பிள்ளை நிஜமென்று நம்பி ஒப்பித்திருக்கிறது. போனோமா, சிரித்தோமா, கோப்பை மூடினோமா என்று மத்தியானச் சாப்பாட்டுக்குள் திரும்பிவிடலாம் என்றுதான் கிளம்பியிருந்தாள்.

பிள்ளைப் பங்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. அதற்கு முன்பும் பிள்ளைகளுக்கு உதவி இருந்தது, இல்லாமலில்லை. ஆனால் அதற்குப் பத்தொன்பது பக்க விண்ணப்பம். அதை நிரப்பத் தெரிந்தவர்களுக்கு உதவி தேவைப்படவில்லை, தேவைப்பட்டவர்களுக்கு நிரப்பத் தெரியவில்லை. நடுவில் ஒரு கூட்டம் நிரப்பிக்கொடுத்தே மாடி வீடு கட்டியது. அப்போதுதான் யாரோ ஒரு புண்ணியவாளருக்கு அந்தக் கோட்டித்தனமான யோசனை வந்தது. பெரியவர்களை எதற்குக் கேட்க வேண்டும்? பிள்ளையையே கேட்டால் என்ன?

அப்படிப் பிறந்ததுதான் அந்தக் குரல். மாதம் ஒரு தடவை, பிள்ளை பிறந்த தேதியில் வீட்டுக்குப் போன் வரும். மூன்று நிமிஷப் பேச்சு. என்ன சாப்பிட்டாய், செருப்பு இருக்கிறதா, பள்ளிக்கூடத்தில் யார் பக்கத்தில் உட்கார்கிறாய், ராத்திரி தூக்கம் வந்ததா. பிள்ளை சொல்வதைக் கேட்டு, அது சாப்பிட்டுத் தூங்கும் வீட்டுக்கு அன்று சாயங்காலமே பங்கு வந்துவிடும். நாட்டின் வரிப் பணத்தில் பிள்ளைக்கு உரிய பங்கு. வரி கட்டும் வீடு, கட்டாத வீடு என்ற பேதம் கிடையாது. விண்ணப்பம் இல்லை, முத்திரை இல்லை, "நாளைக்கு வா" இல்லை. பேசத் தெரியாத கைக்குழந்தைகளுக்குத் தாய் பேசலாம். ஐந்து வயது முடிந்துவிட்டால் பிள்ளைதான் பேச வேண்டும். பேசியதை வேறு யாரும் கேட்க முடியாது. பெற்றவர்களாலும் முடியாது, கலெக்டராலும் முடியாது. சந்தேகத்துக்குரிய வரி ஒன்று இருந்தால் அது மட்டும் அலுவலகத்துக்கு வரும்.

ஆரம்பத்தில் அந்தக் குரல் பட்டணத்துத் தமிழ் பேசியது. கரிசல்காட்டுப் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. பிறகு அதுவும் கேட்டுக் கேட்டு ஊர்ப்பேச்சைப் பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் அதற்குப் பங்கு அத்தை என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிறந்த தேதி நெருங்கினால் வீட்டில் பிள்ளைக்கு மாப்பிள்ளை மரியாதை. "முட்டை வேண்டாமா? சரி, நான் அத்தைகிட்டச் சொல்லிக்கிடுதேன்" என்று மிரட்டுகிற குட்டிப் பயல்களும் உண்டு. அதையெல்லாம் அத்தை நன்றாகவே புரிந்துவைத்திருந்தாள்.

நிறைமதிக்கு அந்தப் பங்கின் மேல் தனிப் பாசம் இருந்தது. அவளுக்கு ஒன்பது வயதில் வேலை, செத்துப்போன சோலார் பலகைகளைப் பிளந்து செம்புப் பட்டையை உரிப்பது. விரலெல்லாம் கண்ணாடிக் கீறல். பங்கு வந்த முதல் மாதம் அவள் அம்மா பட்டறைக்கு வந்து, பாதி உரித்த பலகையைக் கீழே போடச் சொல்லி, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். போகிற வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்குப் போய்க் கையைக் கழுவிவிடும்போதுதான் அழுதாள். அந்தப் பட்டறை அடுத்த வருஷம் பிள்ளைகள் கிடைக்காமல் மூடிப்போனது. இப்போது அந்த இடத்தில் பஸ் நிற்கிறது.

கூத்தன்பட்டியில் அவள் தேடிய வீட்டை வெல்லப்பாகு வாசனை காட்டிக்கொடுத்தது. ஒட்டினாற்போல் இரண்டு வீடு, பொதுவாக ஒரு முற்றம். இடதுபக்க வீட்டில் கடலைமிட்டாய்க்குப் பாகு கொதித்துக்கொண்டிருந்தது. முற்றத்தில் ஒரு பெண்பிள்ளை ஆட்டுக்கு அகத்திக்கீரை கொடுத்துக்கொண்டு நின்றது. காலில் நல்ல செருப்பு, எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய ரெட்டைச் சடை, முன்பல் ஒன்று இல்லை. அரசாங்கக் கோப்பில் மிதுரா, ஊர் வாயில் தவுடு.

"நீங்கதான் பங்கு அத்தையா?" என்று கேட்டது தவுடு.

"இல்ல கண்ணு. அவங்க ஆபீஸ்ல வேலை பாக்கேன்."

"அத்தைக்கு மூஞ்சி உண்டா?"

"நான் பார்த்ததில்லை."

வலதுபக்க வீட்டிலிருந்து பிள்ளையின் தாய் தன்யஸ்ரீ ஓடிவந்தாள். முப்பது வயதிருக்காது. இடுப்பில் பத்துமாதப் பையன். அவள் புருஷன் ஹரிக்கு ஊருக்குக் கிழக்கே சோலார்க்காட்டில் பலகை கழுவும் வேலை, விடிகாலையிலேயே போய்விட்டான். அதிகாரியைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறிவிட்டது.

"மேடம், பங்கு நின்னு எட்டு நாளாச்சு. ரெண்டு பிள்ளைக்கும் நின்னுபோச்சு. சின்னவனுக்கு என்கிட்டப் பால் கெடையாது, டப்பாப் பால்தான். பிள்ள ஏதோ விளையாட்டுக்கு ஒளறிருச்சு. பொய்னு எழுதிருங்க மேடம்."

"நான் பொய் சொல்லல" என்றது தவுடு, ஆட்டைத் தடவிக்கொண்டே.

"ஏட்டி, நீ சும்மா கெட!"

அதற்குள் பாகுக் கரண்டியோடு பக்கத்து வீட்டு ஜெபக்கனி வந்துவிட்டாள். ஐம்பதைத் தாண்டிய, கனத்த, சிரித்த முகம். கல்யாணம் கட்டவில்லை. ஊருக்கே கடலைமிட்டாய் போட்டுக் கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தாள். "பிள்ள பொய் சொல்லலம்மா" என்றாள் நிறைமதியிடம். "ஒக்காருங்க. முழுசாக் கேட்டுட்டு எழுதுங்க."

நிறைமதி உட்கார்ந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஊர் திரும்புவது நடக்காது என்று அப்போதே அவளுக்குப் பட்டுவிட்டது.

"தன்யஸ்ரீக்கு இதுக்கு முன்னால ரெண்டு பிள்ள தவறிப்போச்சு" என்றாள் ஜெபக்கனி. "ஒண்ணு பெறந்த அன்னைக்கே. இன்னொண்ணு முகம் பாத்துச் சிரிக்கிற பருவத்துல. இது மூணாவது. அப்ப இவ மாமியா இருந்தாக, பதினாறாம் நாள் தவுட்டுக்கு வித்துரணும்னாக. பெத்தவ பிள்ள இல்ல, அடுத்தவ பிள்ளன்னு ஆயிருச்சுன்னா எமன் தேடி வரமாட்டானாம். நான் வேதக்காரி, சர்ச்சுக்குப் போறவ, எனக்கு இதுல நம்பிக்க கெடையாது. ஆனா கொழந்தையக் கையில குடுத்தா வேண்டாம்னு சொல்லுவாகளா? ஒரு மொறம் தவுட்டக் குடுத்து வாங்கிக்கிட்டேன்."

"அன்னைக்கே திரும்ப வாங்கிரணுமே? அதுதானே வழக்கம்?"

"வழக்கந்தான். அந்தத் தவுட்டையே திருப்பிக் குடுத்துட்டுப் பிள்ளைய வாங்கிக்கிடணும். இவுக தவுட்ட முத்தத்துல வச்சிட்டு, வந்தவுகளுக்குக் காப்பி போட உள்ள போயிட்டாக. திரும்பி வந்தா மொறம் காலி. ஆடு வாயத் தொடச்சுக்கிட்டு நிக்கி."

நிறைமதிக்கு அடக்க முடியவில்லை, சிரித்துவிட்டாள். ஜெபக்கனியும் சிரித்தாள். தன்யஸ்ரீ மட்டும் சிரிக்கவில்லை.

"வேற தவிடு கொடுத்து வாங்கியிருக்கலாமே?"

"இவ மாமியா வேற தவுடு செல்லாதுன்னுட்டாக. அந்தத் தவுடுதான் வேணுமாம். ஆட்டு வயித்துல இருக்கத எங்கிட்டு எடுக்க? மறு வருசம் அவுகளும் போய்ச் சேந்துட்டாக. அப்படியே நின்னுபோச்சு. காலையில இவ வீட்டுல இட்லி, சாயந்தரம் என் வீட்டுல சோறு, படுக்க இவ வீடு. ஊர் வழக்கப்படி பாத்தா இன்னைக்கும் அது நான் வாங்குன பிள்ளதான்."

அதுதான் விஷயம். பிள்ளை சொன்னதில் எழுத்துக்கு எழுத்து உண்மை இருந்தது. விற்றது உண்மை, தவிடு உண்மை, திரும்ப வாங்காததும் உண்மை.

நிறைமதி திரையைத் தன்யஸ்ரீ பக்கம் திருப்பிக் காட்டினாள். "இங்க பாருங்கம்மா. ரெண்டே பொத்தான்தான். உண்மைன்னு அமுக்கினா, பிள்ளை கைமாறின கேஸ். விசாரணை முடியிறவரைக்கும் பிள்ளை தூத்துக்குடி பிள்ளைகள் இல்லத்துல இருக்கணும். உங்க ரெண்டு பேரையும் போலீஸ் கூப்பிடும். எல்லாம் விளங்கினப்புறம் விட்டுருவாங்க, ஆனா மாசக்கணக்கு ஆகும்."

"ஐயோ!"

"பயப்படாதீங்க, அதுக்குள்ளயே ஒரு வழி இருக்கு. விட்டுப்போன சடங்க இன்னைக்கே செஞ்சு முடிங்க. கனியக்காகிட்ட இருந்து பிள்ளைய முறையா வாங்கிக்குங்க. நான் சாட்சி. உண்மை, ஆனா திரும்பப் பெறப்பட்டதுன்னு போட்டுடலாம். அத்தை பிள்ளைகிட்ட ஒரு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கும். சாயங்காலம் பங்கு வந்துரும். கேஸ் கிடையாது."

இவ்வளவு லேசாக முடிகிற காரியத்துக்கு அவள் எழுந்து குதிப்பாள் என்று நிறைமதி நினைத்தாள். தன்யஸ்ரீ இரண்டடி பின்னால் போனாள்.

"அது மட்டும் முடியாது மேடம்."

"ஏன்?"

"வாங்க மாட்டேன். எம்பிள்ளைன்னு என் வாயால சொல்ல மாட்டேன்." அவள் பையனை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "நீங்க சிரிக்கிய. எல்லாரும்தான் சிரிச்சாக. ஆடு தின்னுச்சுன்னா சும்மா தின்னுச்சா? வாங்காதன்னு சாமி சொன்ன மாதிரிதான எனக்குப் பட்டுச்சு? இந்த அஞ்சு வருசத்துல இவளுக்கு ஒரு காய்ச்சல் கெடையாது. மூத்த ரெண்டையும் எம்பிள்ள, எம்பிள்ளன்னு கொஞ்சுனேன் மேடம். ரெண்டையும் இந்தக் கையாலதான் குழியில வச்சேன். படிச்ச புள்ள இப்படிப் பேசலாமான்னு கேப்பீக. நான் படிச்சிருக்கேன். படிப்பு வேற, பயம் வேற."

நிறைமதி ஆயிரம் விளக்கம் சொல்லலாம். எதுவும் அந்தப் பயத்தின் பக்கத்தில்கூடப் போகாது என்று அவளுக்குத் தெரிந்தது. அவளுக்கு அந்தப் பெண்ணின் மேல் இரக்கமாக இருந்தது.

ஜெபக்கனி கரண்டியைக் கீழே வைத்தாள். "நானும் ஒண்ணு சொல்லிருதேன்மா. இவ வந்து கேக்கலியேன்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம். கேட்டா குடுத்துருவேன். ஆனா கேக்க வேண்டாம்னுதான் தெனமும் நெனச்சேன். தப்புதான்."

"அப்ப இன்னொரு பொத்தான அமுக்குங்க மேடம்" என்றாள் தன்யஸ்ரீ. "பொய்னு போட்டுருங்க. ஒரு கேடும் இல்லல்ல?"

"பொய்ன்னு போட்டா இன்னைக்கே பங்கு வந்துரும்" என்றாள் நிறைமதி மெதுவாக. "ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. பிள்ளை பொய் சொல்லும்ன்னு ஒரு தடவை பதிவாயிட்டா, அதுக்கப்புறம் அத்தை அந்தப் பிள்ளைய நம்பாது. போன் வராது. பதினெட்டு வயசு வரைக்கும் பெரியவங்க சொல்றதுதான் செல்லும்."

"நாங்க நல்லபடியாத்தான சொல்லுவோம்?"

"நீங்க சொல்லுவீங்கம்மா. நாளைக்கு இவ எட்டாங்கிளாஸ் போவா. அங்க யாராவது ஏதாவது செஞ்சா, உங்ககிட்டச் சொல்லப் பயந்தா, அத்தைகிட்டச் சொல்லுவா. அப்படிச் சொல்லித் தப்பிச்ச பிள்ளைங்க எத்தனை பேரை நான் பார்த்திருக்கேன். அந்தக் கதவு இவளுக்கு மூடிரும். அதுவும் இவ பொய் சொல்லாமலே."

அடுப்பில் பாகு பதம் தாண்டிக்கொண்டிருந்தது, யாரும் போய் இறக்கவில்லை.

தன்யஸ்ரீ கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உசுரோட இருந்தாப் போதும் மேடம். பேச்ச நம்புனா என்ன, நம்பாட்டா என்ன. உசுரு முக்கியம். பொய்னே போடுங்க."

நிறைமதி திரையை மடியில் வைத்துக்கொண்டாள். தாய் கேட்டுக்கொண்டால் போடலாம் என்று சட்டத்தில் இடம் இருந்தது. பொத்தானை அமுக்க அவளுக்கு விரல் வரவில்லை.

அப்போது தவுடு ஆட்டை விட்டுவிட்டு வந்து அவள் முன்னால் நின்றது.

"பொய்னு போட்டா அத்தை என்கூடப் பேசமாட்டாகளா?"

"ஆமா கண்ணு."

"எப்பவுமா?"

"எப்பவும்தான்."

பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தது. தம்பியைப் பார்த்தது. அவன் விரலைச் சூப்பிக்கொண்டு அக்காளைப் பார்த்துச் சிரித்தான்.

"சரி, போடுங்க" என்றது. "நான் பொய்தான் சொன்னேன். தம்பிக்குப் பால் வேணும்ல."

அது சொன்ன விதத்தில் அழுகையும் இல்லை, வருத்தமும் இல்லை. கடைக்குப் போய்விட்டு வா என்றால் சரி என்கிற மாதிரிச் சொன்னது. பாதி உரித்த பலகையைக் கீழே போடச் சொல்லாமல் அம்மா அன்று திரும்பிப் போயிருந்தால் நிறைமதியும் இப்படித்தான் நின்றிருப்பாள்.

தன்யஸ்ரீ மகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. பிறகு இடுப்பிலிருந்த பையனைத் தூக்கி, அதிகாரி என்றும் பாராமல், நிறைமதியின் மடியில் வைத்தாள்.

"எம்பிள்ள பொய் சொல்லல" என்றாள்.

சொல்லிவிட்டுத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். ஐந்து வருஷமாக வாயில் வராத வார்த்தை. வானம் இடிந்து விழவில்லை. ஆடு கத்தியது, அவ்வளவுதான்.

"கனியக்கா" என்றாள். "பிள்ளையத் தாங்க."

ஜெபக்கனி எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். "கூடவே வா" என்று தவுடைக் கையைப் பிடித்துத் தன் வீட்டு நிலைப்படிக்கு உள்ளே கூட்டிக்கொண்டு போய் நின்றாள். தன்யஸ்ரீ படிக்கு வெளியே நின்றாள். முறைப்படி செய்தால்தானே செல்லும்?

"தவுடு எங்க?" என்றாள் ஜெபக்கனி.

தன்யஸ்ரீ திருதிருவென்று விழித்தாள். தவிட்டுக்கு எங்கே போவது? அந்தச் சுற்றுவட்டாரத்தில் அரிசி மில் என்று ஒன்றும் மிச்சமில்லை. இருக்கிற ஊர்களிலும் தவிடு எண்ணெய்க்கென்று மூடிய லாரியில் போய்விடுகிறது. மாட்டுக்கே கிடையாது.

"தவுடு இல்லக்கா. வேற என்ன வேணும்னாலும் கேளுங்க, தாரேன்."

"கேப்பேன். பொறகு பேச்சு மாறக் கூடாது."

"மாற மாட்டேன்."

ஜெபக்கனி பிள்ளையின் தலையில் கை வைத்தாள். சிரித்த முகம் மாறவில்லை, ஆனால் கண் கலங்கிவிட்டது. "சாயந்தரச் சோறு என் வீட்டுல. இது சமைஞ்சு, படிச்சு, கட்டிக்கிட்டுப் போற வரைக்கும். அதான் வெல. சம்மதம்னா எடுத்துக்க."

"சம்மதங்க்கா" என்று தன்யஸ்ரீ கையை நீட்டினாள்.

ஐந்து வயதுப் பிள்ளையை ஒரு படிக்கு மேலாகத் தூக்கிக் கொடுப்பது லேசான காரியமில்லை. பதினாறு நாள் பிள்ளைக்கென்று ஏற்பட்ட சடங்கு அது. ஜெபக்கனி மூச்சைப் பிடித்துத் தூக்கினாள், தன்யஸ்ரீ தள்ளாடி வாங்கினாள், தவுடின் ஒரு செருப்பு கழன்று உள்ளே விழுந்தது. மூன்று பேரும் சிரித்தார்கள். நிறைமதியின் மடியிலிருந்த பையன் எதற்கென்று தெரியாமல் அவனும் சிரித்தான், சிரித்த கையோடு அவள் சேலையை நனைத்தும் விட்டான்.

தன்யஸ்ரீ பிள்ளையைக் கீழே இறக்கவேயில்லை. கனத்தாலும் பரவாயில்லை என்று இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், சூடு இல்லை. இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தாள்.

"பாகு!" என்று அப்போதுதான் ஜெபக்கனிக்கு நினைவு வந்து உள்ளே ஓடினாள். கரிந்துபோன சட்டியோடு திரும்பி வந்து, "போகட்டும்" என்றாள். வேறொரு நாளாக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பாள்.

நிறைமதி உண்மை என்ற பொத்தானை அமுக்கி, திரும்பப் பெறப்பட்டது என்று எழுதி, தன் பெயரைச் சாட்சியாகப் போட்டாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, தன்யஸ்ரீயின் போன் அடித்தது. அவள் அதை மகளிடம் கொடுத்தாள். பிள்ளை எல்லோருக்கும் கேட்கும்படி அதை ஸ்பீக்கரில் போட்டது.

"தவுடு, நான்தான் பங்கு அத்தை பேசுதேன். நல்லா இருக்கியா?"

"இருக்கேன். கனியம்மா பாகக் கருக்கிட்டாக."

"அடடா! சரி, ஒண்ணு கேக்கணும். போன தடவ நீ சொன்னதெல்லாம் நெசந்தான?"

பிள்ளை தாயைப் பார்த்தது. தாய் தலையை ஆட்டினாள்.

"நெசந்தான்."

"இப்ப உன்னையத் திரும்ப வாங்கிட்டாகளா?"

"வாங்கிட்டாக. அம்மாதான் வாங்குச்சு. தூக்க முடியல அதுக்கு."

"சரி கண்ணு. போன தடவ நீ என்கிட்ட இன்னொரு விசயமும் சொன்ன. அதப் பத்திப் பேசணும். பக்கத்துல ஆள் இருக்காகளே, இருக்கலாமா, போகச் சொல்லட்டுமா?"

நிறைமதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்கு வந்தது ஒரு வரி மட்டும்தான். அதற்குப் பின்னால் பிள்ளை என்ன பேசியது என்பது அவளுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. எழுந்து போய்விட வேண்டும் என்று பையனைத் தூக்கினாள்.

தவுடு எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தது. "இருக்கட்டும்" என்றது.

"'என்னைய வாங்கிரச் சொல்லி அம்மாகிட்டச் சொல்லுங்க'ன்னு கேட்டிருந்த. நான் நேர்ல வர முடியாது, ஆள் அனுப்புதேன்னேன். பங்கு நிக்கிறத நான் தடுக்க முடியலம்மா, அது சட்டம். ஆனா நீ கேட்டது நடந்துருச்சுல்ல?"

"நடந்துருச்சு."

தன்யஸ்ரீ பிள்ளையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். "ஏட்டி, நீயா கேட்ட? என்கிட்டக் கேட்டிருக்கலாம்ல?"

"உன்கிட்டக் கேட்டா நீ அழுவ" என்றது தவுடு. "அத்தைக்கு அழத் தெரியாதுல்ல. அதான் அவுககிட்டச் சொன்னேன்."

ஜெபக்கனி கருகின சட்டியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். தன்யஸ்ரீ மகளைக் கட்டிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். வாய்விட்டு, ஊருக்கே கேட்கும்படி அழுதாள். ஐந்து வருஷ அழுகை.

பிள்ளை தன் சட்டை நுனியால் அவள் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டே, போனைக் காதில் வைத்து அத்தையிடம் முறையிட்டது: "கேட்டீகளா? இதுக்குத்தான் நான் சொல்லல."